மூளைச் சூடு

1970-களில், நாங்கள் கும்பகோணத்தில் படித்த காலத்தில், புத்திசாலித்தனம் ஒரு நோய்க்குறி. பையன் ஒரு பரீட்சையில் முதல் மார்க் வாங்கினால் பொரிகடலை கிடைக்கும். அடுத்ததிலும் வாங்கினால் பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அதற்கு அடுத்ததிலும் வாங்கிவிட்டால் உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைத்துவிடுவார்கள்.

என் அப்பாயிக்கு மூளையைப் பற்றி இருந்தது ஒரே கொள்கை: அது சூடாகும். குத்தகைக் கணக்கு, சீட்டுக் கணக்கு, மருமகளிடம் குற்றம் கண்டுபிடிப்பது போன்ற நித்திய வேலைகளுக்குச் சூடாகாது. புத்தகம் படித்தால் சூடாகும். ராத்திரி கண் விழித்துப் படித்தால் கொதிக்கும். "போதும்டா, விளக்க அணை. மூளை சூடேறிப் போச்சுன்னா அப்புறம் யாராலயும் எறக்க முடியாது" என்பாள். சனிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியல் எங்களுக்கு வாரம் முழுவதும் படித்ததற்கான பரிகாரமாகவே நடந்தது. நான் அதிகம் படிக்காதவன் என்பதால் எனக்கு எண்ணெய் கொஞ்சம் குறைவு.

இந்தக் கொள்கைக்குத் தெருவிலேயே அத்தாட்சி வைத்திருந்தார்கள். நாலு வீடு தள்ளி, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவார். வழியில் யாராவது வணக்கம் சொன்னால், பத்தடி தாண்டிப் போய் நின்று, திரும்பி, ஆளில்லாத திசையில் கும்பிடுவார். திண்ணைச் சுவர் முழுக்கக் கரித்துண்டால் எண்கள். ஊரில் எவனாவது விடிய விடியப் படித்தால் அவனை இந்தச் சுவருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார்கள். "பாத்துக்க. பி.ஏ. மேத்தமேட்டிக்ஸ்."

எனக்குச் சுவரைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கும் ஆசை வந்தது. இடப்பக்கம் தேதிகள். நேரே எதிரில் ஆழாக்கு, உழக்கு. சில தேதிகளுக்குப் பக்கத்தில் மட்டும் கொட்டை எழுத்தில் 'தண்ணீர்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. பால் கணக்கு! பால்காரர் தினமும் காலையில் அந்தச் சுவருக்கு எதிரில் நின்றுதான் ஊற்ற வேண்டும் என்பதற்காகவே அதை வெளியே எழுதியிருந்தார். சட்டையைப் பற்றியும் கேட்டேன். "வெளிப்பக்கம் வெயில்ல வெளுத்துப் போச்சுடா தம்பி. இந்தப் பக்கம் இன்னும் புதுசாத்தானே இருக்கு?" என்றார். காது மந்தம் என்பது பேசும்போதே தெரிந்துவிட்டது. வணக்கம் அவருக்குள் போய்ச் சேரப் பத்தடி நேரம் பிடித்தது, அவ்வளவுதான்.

வீட்டில் வந்து சொன்னேன். யாருக்கும் பிடிக்கவில்லை. இதே சட்டையை மளிகைக் கடைக்காரர் போட்டிருந்தால் சிக்கனம் என்றிருப்பார்கள். வாத்தியார் போட்டதால் கணிதம் அவரை எங்கோ கொண்டுபோய் விட்டுவிட்டது. நமக்கு வராத கணக்கு வந்த ஒருவருக்கு வேறு ஏதாவது ஒன்று கெட்டுப்போயிருக்க வேண்டும்; இல்லையென்றால் கடவுளின் தராசு சரியில்லை என்றாகிவிடும்.

அந்த நாளில் 'கீழ்ப்பாக்கம்' என்பது சென்னையில் ஒரு பேட்டையின் பெயர் என்றே எங்களுக்குத் தெரியாது. அது ஒரு தீர்ப்பு. "இவன் கீழ்ப்பாக்கம் கேஸு" என்றால் மேல்முறையீடு கிடையாது. கம்பெனி ஆட்சியில், 1794-ல், வாலன்டைன் கானலி என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கிய மனநோயாளர் விடுதியின் வாரிசாக 1871-ல் அங்கே வந்தது அந்த ஆஸ்பத்திரி. ஒரு பேட்டை முழுவதற்குமான பெயரைக் கெடுத்துவைத்திருந்தது. இன்றைக்கு என் உறவினர் ஒருவர் கீழ்ப்பாக்கத்தில் மூன்று படுக்கையறை வீடு வாங்கி, கிரகப்பிரவேசப் பத்திரிகையில் பேட்டையின் பெயரைத் தங்க எழுத்தில் அச்சடித்திருக்கிறார். விலையைக் கேட்டவர்கள்தான் கொஞ்சம் தடுமாறினார்கள்.

கிறுக்குக்கும் அப்படித்தான் விலை ஏறியிருக்கிறது. என் தங்கை மகன் பெங்களூரில் ஒரு ஸ்டார்ட்அப் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அதன் நிறுவனர் ஆபீசுக்குச் செருப்பில்லாமல் வருவாராம். உட்கார்ந்து பேசமாட்டார்; நடந்துகொண்டேதான் மீட்டிங். மாலை நாலு மணி வரை அவித்த வேர்க்கடலை மட்டும். மெயிலுக்கு ஒரே ஒரு எழுத்தில் பதில் போடுவார். அது சம்மதமா மறுப்பா என்பதை மூன்று மேனேஜர்கள் உட்கார்ந்து ஆராய்வார்கள். "ஜீனியஸ் மாமா அவரு. மூளை வேற லெவல்ல ஓடும்" என்றான் மருமகன். கம்பெனி என்ன செய்கிறது என்று கேட்டேன். வாஷிங் மெஷின் வாடகைக்கு விடுகிறதாம். அதே கட்டடத்தில் செக்யூரிட்டி வேலை பார்த்த ஒருவரை, வார் அறுந்துபோய் ஒருநாள் செருப்பில்லாமல் நின்றதற்கு அன்றைய சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்பதும் அவன் சொன்னதுதான். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னான். இரண்டுக்கும் நடுவில் அவனுக்கு எதுவும் தட்டுப்படவில்லை.

இன்னொரு வீட்டில் ஆறு வயதுப் பேரன். விருந்தாளி வந்தால் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பொம்மைக் கார்களை நிற வரிசைப்படி நிறுத்துகிறான். ஒன்றை நகர்த்தினால் வீடு இரண்டாகிறது. எங்கள் காலமாக இருந்தால் முதல் நாள் 'திமிர்' என்பார்கள், மறுநாள் 'பித்துக்குளி' என்பார்கள், மூன்றாம் நாள் எலுமிச்சம்பழம் வந்துவிடும். இப்போது அவனுடைய அம்மா ஒரு கோப்பை எடுத்துவந்து ஜாதகத்தைப் பிரிப்பதுபோலப் பிரித்துக் காட்டினாள். வளைகோடு, சதவீதம், முத்திரை, கீழே ஒரு கையெழுத்து. "கிஃப்டட்னு சொல்லிட்டாங்க மாமா. இந்த மாதிரிக் கொழந்தைங்க யார்கூடவும் பழகாதாம்." அவள் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டேன். குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சியோ, துணைக்கு ஒரு சிநேகிதனோ தேவைப்படலாம். சர்டிபிகேட் வந்துவிட்டதால் இனி அதற்கு அவசியமில்லை என்று ஆகிவிட்டது.

ஆக, அன்றைக்கு அறிவு இருந்தால் கிறுக்கு வரும் என்றார்கள். இன்றைக்குக் கிறுக்கு இருந்தால் அறிவு இருக்கும் என்கிறார்கள். அப்பாயியின் கொள்கை செத்துப்போகவில்லை. தலைகீழாகத் திரும்பி, ஃபீஸ் வாங்க ஆரம்பித்திருக்கிறது.

இந்த வழக்கில் எங்கள் ஊருக்கு ஒரு தனி உரிமை உண்டு. சாரங்கபாணி சன்னதித் தெருவில் இருக்கும் கணித மேதை ராமானுஜன் வீட்டை நாங்கள் சின்ன வயதில் கடந்துபோகும்போது ஒருமுறைகூட நின்று பார்த்ததில்லை. அவரைப் பள்ளிக்கூடத்தில் உதாரணம் காட்டுவார்கள், எச்சரிக்கைக்காக. "கணக்குல மட்டும் நூறு வாங்கிட்டு மத்ததுல கோட்டை விட்டா என்ன ஆகும்? ராமானுஜன் ஆகலாம். எஃப்.ஏ. பாஸ் ஆக முடியாது!" வாத்தியார்கள் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்போடு சேர்ந்தவர், இங்கிலீஷ் கட்டுரையில் தோற்று அதை இழந்தார். 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார், அங்கேயும் தேறவில்லை. 1909-ல் அம்மா கோமளத்தம்மாள் கல்யாணம் செய்துவைத்தார். காரணம் எதுவாக இருந்தாலும், பையன் ஒரு மாதிரியாக இருந்தால் கல்யாணம் செய்துவைப்பதுதான் எங்கள் பக்கத்து வைத்தியம். அதன்பிறகு துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா.

இப்போது அந்த வீட்டை சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கிப் பராமரிக்கிறது. 2003-ல் அப்துல் கலாம் வந்து நாட்டுக்கு அர்ப்பணித்தார். 2012 முதல் டிசம்பர் 22 தேசியக் கணித நாள். சமீபத்தில் போயிருந்தபோது ஒரு அம்மா தன் மகனின் கையைப் பிடித்து ஜன்னலோரக் கட்டிலைத் தொடவைத்துக்கொண்டிருந்தார். "தொட்டுக் கும்பிட்டுக்கடா. நல்லாக் கணக்கு வரும்." எட்டாவது படிக்கிறானாம், ஜே.இ.இ. கோச்சிங்குக்கும் போகிறானாம். பேச்சுவாக்கில் நான் அந்த இங்கிலீஷ் கட்டுரை விவகாரத்தைச் சொன்னேன். அந்த அம்மா சட்டென்று பையனின் கையைக் கட்டிலிலிருந்து எடுத்துவிட்டார்.

ராமானுஜனைப் பைத்தியத்தின் பக்கத்தில் கொண்டுபோய் வைக்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு கதைகள் கைவசம் இருக்கும். ஒன்று, கணித ஆராய்ச்சிக்காக இங்கிலாந்து போயிருந்தபோது நடந்த கேம்பிரிட்ஜ் விருந்து. நண்பர் ஒருவரையும் இரண்டு பெண்களையும் அறைக்கு அழைத்துத் தானே சமைத்துப் பரிமாறினார். ரசம் வந்தது. மறுபடி ஒருமுறை வாங்கிச் சாப்பிட்டார்கள். மூன்றாம் முறை ஊற்றப் போனபோது பெண்கள் போதும் என்றுவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஆளைக் காணோம். சில நாள் கழித்துத் திரும்பிவந்தார். இடையில் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஐந்து பவுண்டு கேட்டுத் தந்தி வந்தது. இதைப் படிக்கும் வெள்ளைக்காரர்கள் மேதையின் விசித்திரம் என்று குறித்துக்கொள்கிறார்கள். தஞ்சாவூர் ஜில்லாவில் இதற்குப் பெயர் ரோஷம். பந்தியில் 'போதும்' என்று இலையை மறைத்ததற்காகப் பதினைந்து வருடம் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகளை எனக்குத் தெரியும். அவர்கள் யாருக்கும் பின்னம்கூடச் சரியாகப் போடத் தெரியாது.

இரண்டாவது கதை சிரிப்பதற்கில்லை. 1918-ன் தொடக்கத்தில் லண்டனில் பாதாள ரயில் தண்டவாளத்தில் குதித்தார். ஊழியர் ஒருவர் பார்த்து மின்சாரத்தை நிறுத்தியதால் சில அடி தூரத்தில் ரயில் நின்றது. அப்போது தற்கொலை முயற்சி அங்கே குற்றம். போலீஸ் பிடித்துப்போக, கேம்பிரிட்ஜில் அவரோடு ஆராய்ச்சி செய்த கணித அறிஞர் ஹார்டி வந்து, இவர் ராயல் சொசைட்டி ஃபெல்லோ என்று ஒரு போடு போட்டு மீட்டுவந்தார். ஃபெல்லோ ஆனது அதற்குப் பிறகு, மே மாதத்தில்தான். இதை மேதைமையின் விலை என்று எழுதுகிறவர்கள் பக்கத்தில் இருப்பதைப் பார்ப்பதில்லை. உலகப் போர் நடக்கிறது. சைவ உணவுக்குக் காய்கறி கிடைப்பது கஷ்டம். உடம்பு மோசமாகிச் சானடோரியத்துக்குச் சானடோரியம் மாறிக்கொண்டிருந்தார். என்ன வியாதி என்பதிலேயே டாக்டர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. ஊரில் மாமியார் மருமகள் தகராறு. மனைவியின் கடிதம் வந்து சேர்வதில்லை. இந்த நிலைமையில் ஒரு துறைமுகக் குமாஸ்தாவை, கணக்கே தெரியாத ஒருவரைக் கொண்டுபோய் வைத்திருந்தாலும் அவருக்கும் தண்டவாளம் கண்ணில் பட்டிருக்கும்.

இன்னும் ஒன்று. ராமானுஜன் போய்ச் சேர்ந்த இடத்தில் விசித்திரமானவர் யார்? ஹார்டிக்குக் கண்ணாடியைக் கண்டால் ஆகாது. ஹோட்டல் அறைக்குள் நுழைந்ததும் கண்ணாடிகளைத் துண்டு போட்டு மூடச் சொல்வார். கடவுள் இல்லை என்பார். ஆனால் அவரைச் சொந்த விரோதியாக வைத்திருந்தார். கிரிக்கெட் பார்க்கப் போகும்போது குடை, ஸ்வெட்டர், ஆய்வுத் தாள்கள் எல்லாம் எடுத்துப் போவார். மழை பெய்து வேலை செய்யக் கிடைக்கட்டும் என்று தான் வேண்டுவதாகக் கடவுள் நினைத்துக்கொண்டு, தன்னை ஏமாற்ற வெயிலை அனுப்புவார் என்பது திட்டம். ஒருமுறை கொந்தளிக்கும் கடலில் பயணம். கணிதத்தில் இதுவரை யாரும் நிரூபிக்காத ரீமான் கருதுகோளை நிரூபித்துவிட்டேன் என்று ஒரு தபால் அட்டையைப் போட்டுவிட்டுக் கப்பல் ஏறினார். அந்தப் புகழோடு தன்னைச் சாகக் கடவுள் விடமாட்டார், ஆகவே கப்பல் கரை சேரும். சேர்ந்தது. கும்பகோணத்தில் ஒரு மனிதர் இப்படி நடந்திருந்தால் கட்டிப்போட்டிருப்பார்கள். கேம்பிரிட்ஜில் அவருக்கு அறை, சம்பளம், வெயிட்டர் எல்லாம் உண்டு. கிறுக்குகள் அந்தச் சம்பளத்தின் நிழலில் சுகமாக வளர்ந்தன.

அதே ஹார்டி 1936-ல் ஹார்வர்டில் ராமானுஜனைப் பற்றிப் பேசும்போது, அவரைக் கிழக்கத்திய மாய மனிதராக ஆக்கும் கதைகளை ஒதுக்கித் தள்ளினார். அரசியலோ கணக்கோ பேசலாம், கூட உட்கார்ந்து டீ சாப்பிடலாம். தெளிவும் உலக விவரமும் உள்ள மனிதர் என்றார். கடவுளோடு குடைச் சண்டை போட்டவர் கொடுத்த சான்றிதழ் என்றாலும், பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர்தான்.

மூன்றாமவர் லிட்டில்வுட். ஹார்டியின் கூட்டாளி. 1913-ல் சென்னையிலிருந்து வந்த ராமானுஜனின் கடிதத்தை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படித்துத்தான் எழுதியவர் மோசடிக்காரர் இல்லை, மேதை என்று முடிவுக்கு வந்தார்கள். லிட்டில்வுட்டுக்குப் பல வருடங்களாக மனச்சோர்வு நோய். எழுபது வயதைத் தாண்டிய பிறகு, 1950-களின் கடைசியில், சிகிச்சை பலித்தது. 'மேதைமை நோயிலிருந்து ஊறுகிறது' என்ற சித்தாந்தப்படி அதோடு மனிதர் மந்தமாகியிருக்க வேண்டும். அவர் கிளம்பி அமெரிக்காவில் ஊர் ஊராகச் சொற்பொழிவு செய்தார், தொடர்ந்து ஆராய்ச்சி செய்தார், 92 வயதுவரை இருந்தார். இந்த உதாரணத்தை வைத்து மட்டும் யாரும் சினிமா எடுப்பதில்லை.

மேதைக்கும் பைத்தியத்துக்கும் நூலிழைதான் வித்தியாசம் என்பதை விஞ்ஞானம்போல ஆக்கியவர் இத்தாலிய மருத்துவர் செசாரே லோம்ப்ரோசோ. 1864-ல் இதைப் பற்றிப் புத்தகம் போட்டார். மண்டை ஓட்டைப் பார்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம் என்றவரும் இவரே. மேதை என்பது சீர்கெட்ட மூளையின் ஒரு வகை. முகத்திலேயே தெரியும் என்பது அவர் கட்சி. 1897-ல் மாஸ்கோவுக்கு வந்தவர், கொள்கைக்கு ருசு தேடி டால்ஸ்டாயைப் பார்க்க யாஸ்னயா பொல்யானாவுக்குப் போனார். டால்ஸ்டாய்க்கு 68 வயது. டென்னிஸ் ஆடிவிட்டு நீந்தப் போகலாம் என்று கூப்பிட்டார். வயதில் இளையவரான லோம்ப்ரோசோ கூடவே இறங்கி, மூச்சு வாங்கித் தத்தளிக்க, சீர்கெட்ட மூளைக்காரர் கையைக் கொடுத்துக் கரைசேர்த்தார். லோம்ப்ரோசோ கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை. இப்போது அவருடைய எலும்புக்கூடு டூரினில் அவர் பெயரால் உள்ள மியூசியத்தில் நிற்கிறது. பார்க்கப் போகிறவர்கள் மண்டை ஓட்டை அளந்து என்ன வகை என்று சொல்லலாம்.

ஆராய்ச்சிக்காரர்கள் பிறகு தலைகளை எண்ணவே ஆரம்பித்தார்கள். ஸ்டான்ஃபோர்டின் லூயிஸ் டெர்மன் 1921 முதல் கலிஃபோர்னியாவில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட அதிபுத்திசாலிக் குழந்தைகளைப் பொறுக்கி, கிழவர்களாகும்வரை பின்தொடர ஏற்பாடு செய்தார். பெரும்பாலும் ஆரோக்கியமாக வளர்ந்தார்கள், வேலைக்குப் போனார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள். இவர்களில் ஒருவருக்கும் நோபல் கிடைக்கவில்லை. பரீட்சையில் மார்க் போதாது என்று டெர்மன் ஆட்கள் விட்டுவிட்ட ஷாக்லி, ஆல்வரெஸ் இருவருக்கும் கிடைத்தது! பிரிட்டனில் இரண்டரை லட்சம் பேரின் தகவல்களை வைத்து 2022-ல் வந்த ஆய்வில், மிக அதிக அறிவுக்கூர்மை உள்ளவர்களுக்குப் பதற்ற நோய் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. கூடுதலாக இருந்தது அலர்ஜி. அப்பாயி இருந்திருந்தால், "நாந்தான் சொன்னேனே, சூடு தோல்ல வெடிக்கும்" என்று இதையும் தன் கட்சியில் சேர்த்திருப்பாள்.

ஒரு விலக்கை மறைக்கக் கூடாது. ஸ்வீடனில் சுமார் 7 லட்சம் பள்ளி மாணவர்களைப் பின்தொடர்ந்து 2010-ல் வெளியான ஆய்வில், மிக உயர்ந்த மதிப்பெண் வாங்கியவர்களுக்கு இருமுனைக் கோளாறு என்கிற பித்துநிலை நோய் சராசரி மாணவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வந்தது. பத்திரிகைகள் இதோடு நிறுத்திக்கொண்டன. மிகக் குறைந்த மார்க் வாங்கியவர்களுக்கும் அது கூடுதலாகவே வந்தது என்பதும், ஏழு லட்சத்தில் மொத்தமே சில நூறு பேருக்குத்தான் வந்தது என்பதும் அடுத்த பத்தியில் இருந்தன. அதே நாட்டில் ராணுவத்துக்கு எடுக்கப்பட்ட இளைஞர்களை ஆராய்ந்தபோது, மனச்சிதைவு நோய் அறிவுச் சோதனையில் குறைவாக வாங்கியவர்களுக்கே அதிகம் வந்திருந்தது.

எனக்கு இந்த எண்ணிக்கையெல்லாம் தெரிவதற்கு முன்பே குணசீலத்தில் பதில் கிடைத்துவிட்டது. என் பெரியப்பா மகன், என்னைவிட மூத்தவர், பி.எஸ்ஸி. இயற்பியலில் கல்லூரிக்கே முதல். எம்.எஸ்ஸி. படிக்கும்போது தூக்கம் போயிற்று. திருச்சி ரேடியோவில் செய்தி வாசிப்பவர் தன்னைப் பற்றித்தான் மறைமுகமாகச் சொல்கிறார் என்று ரேடியோவைக் கிணற்றில் போட்டார். படிப்பு தலைக்கேறிவிட்டது என்று வீடு ஒருமனதாகத் தீர்மானித்துப் புத்தகங்களை மூட்டை கட்டிப் பரணில் ஏற்றியது. பிறகு காவிரிக் கரையில் இருக்கும் குணசீலத்துக்குக் கூட்டிப்போனார்கள். பிரசன்ன வேங்கடாசலபதி கோயில். ஒரு மண்டலம் தங்கவேண்டும். உச்சிக்காலத்திலும் அர்த்தஜாமத்திலும் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள்.

துணைக்கு நான் போயிருந்தேன். அண்ணனுக்குப் பக்கத்தில் ஒரு தறி நெசவாளி. அவருக்கும் யாரோ தன்னைப் பற்றிப் பேசுவது கேட்டது. ரேடியோ இல்லாததால் தறியிலிருந்து கேட்டது. என்ன படித்திருக்கிறார் என்று அவர் தம்பியிடம் விசாரித்தேன். "படிப்பா? கையெழுத்துப் போடுவான். பங்காளிங்க செய்வினை வச்சிட்டாங்க." இன்னொரு தூணோரம் வாழைக்காய் வியாபாரியின் மனைவி. ராத்திரி புளியமரத்தடியில் பயந்துவிட்டாராம். நடவுக்குப் போகிற ஒரு பெண் பிள்ளையைக் கன்னிமார் பிடித்துவிட்டார்கள். தூங்காமல் இருப்பது, தானாகச் சிரிப்பது, சோற்றில் விஷம் என்று தட்டைத் தள்ளுவது எல்லாம் நாலு பேருக்கும் ஒன்று. காரணம்தான் அவரவர் வசதிக்குத் தக்கபடி. அந்தக் கூட்டத்தில் படிப்பால் பைத்தியமானவர் என்று எங்கள் அண்ணன் ஒருவர்தான். பெரியப்பா யார் கேட்டாலும் அதை முதலில் சொல்வார். "ரேங்க் ஹோல்டர்ங்க. அதான்." கேட்டவர்கள் அண்ணனைப் பார்த்த பார்வையில் இரக்கத்தோடு கொஞ்சம் மரியாதையும் சேரும். நெசவாளியை அப்படி ஒருவரும் பார்க்கவில்லை. அவருடைய தம்பி வேட்டி நுனியால் அண்ணன் முகத்தில் வழிந்த தீர்த்தத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டே எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு டாக்டர் கிடைத்தார், மாத்திரை கிடைத்தது. அண்ணன் கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றார். மனநோய் வந்த கணித மேதை ஜான் நாஷ் பற்றிய இங்கிலீஷ் படம் 2001-ல் வந்த பிறகு சொந்தக்காரப் பையன்கள் அவரை 'நம்ம ஊரு நாஷ்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வெட்கமாக இருந்த வியாதி ஒரே படத்தில் பெருமையாகிவிட்டது. அவருக்கு அது பிடிக்காது. ஒருநாள் சொன்னார்: "நாஷுக்கு 1994-ல குடுத்த நோபல், 1950-ல எழுதின தீசிஸுக்கு. அவருக்கு வியாதி வந்தது 1959-ல. வருஷத்தக் கழிச்சுப் பாக்கக்கூட ஒருத்தனுக்கும் தெரியல, மேதையப் பத்திப் பேச வந்துட்டானுங்க. எனக்கு இந்த வியாதி ஒரு ஃபார்முலாகூடச் சொல்லிக் குடுக்கல தம்பி. இருந்ததத்தான் எடுத்துக்கிட்டுப் போச்சு."

பீகாரின் வசிஷ்ட நாராயண் சிங் விஷயத்திலும் இதுதான் நடந்தது. கலிஃபோர்னியாவில் பெர்க்லியில் 1969-ல் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். ஊர் திரும்பியபின் மனச்சிதைவு நோய். 1989-ல் காணாமல்போய் 1993-ல் பரட்டைத் தலையோடு கண்டுபிடிக்கப்பட்டார். ஐன்ஸ்டீனையே தவறு என்று நிரூபித்தவர் என்று அவரைப் பற்றி நாடே கதை சொன்னது. 2019 நவம்பர் 14-ல் பாட்னாவில் இறந்தபோது, உடலை எடுத்துப்போக ஆம்புலன்ஸ் வராமல் ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரோடு காத்திருந்தார்கள். மறு வருடம் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை பல ராத்திரி தூங்காமல் பெரிய பெரிய விஷயங்களாகப் பேசினாலோ, ரேடியோவோ தறியோ செல்போனோ தன்னைத் திட்டுவதாகச் சொன்னாலோ, அவன் ரேங்க் வாங்குகிறவனா ஃபெயில் ஆகிறவனா என்று யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே கூட்டிப்போங்கள். போக முடியாதென்றால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை, இலவசம், தமிழில் பேசலாம், மார்க் ஷீட் கேட்கமாட்டார்கள்.